பேரைத் தவிர எல்லாம்

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாய். விடாமல் அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பேனாவைத் தேடி எடுத்திருக்கிறேன். கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்றோ. கோழிக் கிறுக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் நல்ல சேதி. பெண்கள் காப்பகத்தை மூடப் பார்த்தார்கள் அல்லவா, இனி மூட மாட்டார்கள். நகர்மன்றத்தில் ஓட்டெடுப்பில் ஜெயித்துவிட்டோம். எல்லாம் என் பேச்சால்தான் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் மற்றவர்கள் சொல்கிறார்கள். நான் பேசினால் மைக் தேவைப்படாது என்பது உனக்குத் தெரியும். பஸ்ஸில் இத்தனை வருஷம் ‘உள்ளே போங்க, உள்ளே போங்க’ என்று கத்திய தொண்டை. இன்றைக்கும் வார்டில் எனக்குப் பேர் கண்டக்டரம்மாதான். கவுன்சிலர் என்று யாரும் கூப்பிடுவதில்லை.

அன்றைக்கு என்ன ஆயிற்று என்றால், கட்டடம் பழசு, தங்கியிருப்பதோ விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள் என்று பேசிக்கொண்டே போனார்கள். பாதிப் பேர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எழுந்து ஒரு பெண்ணின் கதையைச் சொன்னேன். நான் காப்பகக் குழுவில் இருப்பதால் என் வீட்டுக்கு வந்து, சமையலறையில் என் எதிரே உட்கார்ந்து என்னிடம் சொன்னவள். அணைக்கட்டுப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பெண் குழந்தைகளோடு ஓடி வந்தவள். இடது கையில் முழங்கை வரை இஸ்திரிப் பெட்டித் தழும்பு, புருஷன் வைத்தது. இங்கே சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறாள். காப்பகம் மட்டும் இல்லையென்றால் இவள் இன்று உயிரோடு இல்லை என்றேன். எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ஓட்டும் நமக்கே.

இப்போது கெட்ட சேதி. உன் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கவர். உறுப்பினர் நடத்தை விதியை மீறிவிட்டேனாம், நம்பிச் சொன்னதை வெளியே சொல்லிவிட்டேனாம். நான் பேரைச் சொல்லவே இல்லையடா. கூட்டத்தை வீடியோ எடுத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கட்டும்.

கவுன்சிலர்கள் மேல் வரும் புகார்களைப் பார்ப்பதுதானே உன் வேலையே. இதற்கு என்ன பதில் எழுதினால் அங்கேயே கிழித்துப் போடுவார்கள் என்று சொல். போனை எடு.

அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் புகார் முதலில் என் மேசைக்குத்தான் வந்தது. உன் பேரைப் பார்த்ததும் கோப்பை மூடி மேலாளர் அம்மாவிடம் கொண்டுபோனேன். “இவங்க என் கூடப் பிறந்த அக்கா. நான் இதைத் தொடக் கூடாது” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “சொந்த அக்காவா?” என்று மட்டும் கேட்டார்.

கோப்பு வேறொருவரிடம் போய்விட்டது. முடிவு வரும் வரை நான் உன்னோடு போனில் பேசக் கூடாது, நேரில் பார்க்கக் கூடாது. கடிதம் மட்டும் எழுதலாம், அதுவும் வழக்கைத் தவிர்த்து. நீ எழுதுவதையும் நான் எழுதுவதையும் மேலாளர் படிப்பார். இதைத் தெரிந்துகொண்டு எழுது.

யார் கேட்டாலும் நான் சொல்வதை உனக்கும் சொல்லலாம். வந்த கவருக்குக் கெடு முடிவதற்குள் பதில் அனுப்பு. வேண்டுமானால் ஒரு வக்கீலை வைத்துக்கொள். புகார் கொடுத்தவரைத் தேடிப் போகாதே.

இன்னொன்று. அந்தப் பெண்ணைப் பற்றி நீ எழுதியிருந்த வரிகளை, மேலாளரிடம் கொடுக்கும் முன் கறுப்பு மையால் அடித்துவிட்டேன். நான் உன் ஊர்ப் பக்கம் வந்தே நாளாகிறது. ஆனாலும் உன் வரிகளை வைத்துக்கொண்டு ஒரே மாலையில் அவளைக் கண்டுபிடித்துவிடுவேன். பேரைத் தவிர எல்லாம் சொல்லியிருக்கிறாய். இந்தப் பத்தியை மேலாளர் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவேன். உன் கைக்கு வந்திருந்தால் அவர் விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

கண்புரைக்கு ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்களா?

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு, மற்றும் மேலாளர் அம்மாவுக்கு,

இருவருக்கும் வணக்கம். மூன்று பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒருவரிடம் மட்டும் பேசுவது மரியாதை இல்லை. அம்மா, உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா? இவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று நேரம் இருக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலேயே இவன் அப்படித்தான். தெருவில் கிரிக்கெட் ஆடினால் தன் அவுட்டைத் தானே சொல்லிவிட்டு மட்டையைக் கீழே வைத்துவிட்டு வருவான். அதனாலேயே யாரும் அவனை ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள்.

தம்பி, உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கிழித்துப் போட்டேன். பிறகு துண்டுகளைச் சேர்த்து வைத்து மறுபடி படித்தேன். கூடப் பிறந்தவன் என்றால் முதலில் கையைப் பிடித்துக்கொண்டு, பிறகு திட்ட வேண்டும். நீ கையை எடுத்துவிட்டு விதியை நீட்டுகிறாய்.

கோபத்தோடு கோபமாகக் காப்பகத்துக்குப் போனேன். ஜெயித்ததைச் சொல்லப் பழம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று முன்பே நினைத்ததுதான். வார்டன் அம்மா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார்.

“அவ இங்க இல்ல மேடம். போயிட்டா.”

“எங்க?”

“அதை நான் யார்கிட்டயும் சொல்றதில்ல.”

அந்த ‘யார்கிட்டயும்’ என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னார். பிறகு மற்றதையும் சொன்னார். என் பேச்சின் வீடியோ போனுக்குப் போன் தாவியிருக்கிறது. அவள் ஊர் வரை போயிருக்கிறது. புருஷன் அதைப் பார்த்துவிட்டு நேராகக் கம்பெனி வாசலுக்கு வந்து நின்றிருக்கிறான். மேஸ்திரி அவளைப் பின்கதவு வழியே அனுப்பி வைத்திருக்கிறார். குழந்தைகளைப் பள்ளியிலிருந்து பாதி வகுப்பில் கூட்டிக்கொண்டு அன்றைக்கே வேறு ஊருக்குப் போய்விட்டாள். புகார் கொடுத்தது அவளேதான்.

பழத்தைக் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு வந்தேன். எடுத்துக்கொண்டார்களோ என்னவோ.

நீ அடித்த வரிகளை நான் மறுபடி எழுத மாட்டேன்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதில் பெரும்பகுதிக்கு நான் பதில் சொல்லக் கூடாது.

சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். மேலாளர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, “வீட்ல எல்லாரும் நலம்னு எழுதிடுங்க” என்றார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைப் பக்கம் வந்து என் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இங்கே மதியம் நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். உன் கோப்பு யாரிடம் இருக்கிறதோ அவரும் நானும் இத்தனை நாள் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். இப்போது நான் உள்ளே வந்தால் அவர் எழுந்து போகிறார், அல்லது நான் போகிறேன். சண்டை எதுவும் இல்லை. அவர் நல்லவர். அதனால்தான் எழுந்து போகிறார்.

குடியிருப்பில் லிப்ட் மறுபடி கெட்டுவிட்டது. மேல்மாடி வரை ஏறி வந்து கதவைத் திறந்தால், காலையில் நாற்காலி மேல் போட்ட துண்டு போட்டபடியே கிடக்கிறது. என் மனைவி பிரிந்து போன பிறகு வீட்டில் எதுவும் இடம் மாறுவதில்லை.

ஆபரேஷன் தேதியை எழுது. கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை.

தம்பி


ஏப்ரல் 4

அன்புள்ள தம்பி,

நகர்மன்றத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். உன் அத்தான் இறந்தபோதுகூட ஆள்விட்டு மாலை அனுப்பியவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, “கண்டக்டரம்மா, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா மன்றத்துக்கே ஒண்ணு” என்றார். கூடவே ஒரு வக்கீல், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில்.

வக்கீல் சொல்கிற வழி சுலபமாக இருக்கிறது. ஊருக்கே தெரிந்த விஷயம் ரகசியம் ஆகாதாம். அந்தப் பெண் கதை கம்பெனியில், தெருவில், கடையில் முன்பே எல்லோருக்கும் தெரியும் என்று நான்கு பேர் வந்து சொல்லிவிட்டால் போதும், புகார் நிற்காதாம். ஆட்களைத் தலைவரே பார்த்துக்கொள்வாராம். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் போனதுதான் எனக்கு உதைக்கிறது. நாளைக்கு ஏதாவது ஒரு ஓட்டெடுப்பில் என்னைப் பார்த்துச் சிரிப்பார், அவ்வளவுதான்.

சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேறு என்ன சொல்வது. இந்தப் பதவி போனால் எனக்கு என்ன இருக்கிறது சொல். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் நான்கு பேர் நிற்பார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, மகன் பேசமாட்டேன் என்கிறான். அதைக் கேட்டுக்கொண்டே பல் தேய்ப்பேன். அத்தான் போன பிறகு இந்த வீட்டில் கேட்ட குரலெல்லாம் அவர்களுடையதுதான். இப்போது அவர்கள் வருவதும் குறைந்துவிட்டது. வந்தவர்களும் குழாயைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சட்டம் வேண்டாம், விதி வேண்டாம். காப்பகம் இன்றைக்குத் திறந்திருக்கிறது. அங்கே இன்றும் பெண்கள் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பயமில்லாமல் தூங்குகிறார்கள். நான் செய்தது தப்பா?

ஆபரேஷன் இருபத்திரண்டாம் தேதி, வலது கண். கூட ஒருவர் வர வேண்டும் என்கிறார்கள்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்ல முடியாது. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அது வழக்கு.

ஆபரேஷனுக்கு வரவும் முடியாது. மேலாளர் தடுக்கவில்லை. “உடம்பு சரியில்லாதப்ப யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, போயிட்டு வாங்க” என்றார். நான்தான் யோசித்தேன். அது சின்ன ஊர். புகாரை விசாரிக்கிற அலுவலகத்து ஆள் கவுன்சிலரின் கையைப் பிடித்துக் கூட்டிப் போவதை நான்கு பேர் பார்ப்பார்கள். அது எப்படியாவது அந்தப் பெண்ணின் காதுக்குப் போகும். இங்கேயும் தனக்கு நியாயம் கிடைக்காது என்று அவள் நினைத்துவிட்டால் அதை என்னால் திருப்பி எடுக்க முடியாது.

பக்கத்து வீட்டாரைக் கூட்டிக்கொள். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு.

தம்பி


மே 16

அன்புள்ள தம்பி,

கண் நன்றாக இருக்கிறது. பக்கத்து வீட்டம்மா வருகிறேன் என்றவர் அன்று காலையில் மகளுக்குக் காய்ச்சல் என்றார். நிஜமாகவே காய்ச்சலாக இருக்கலாம். தனியாகவே போய், கூட வந்தவர் வெளியே இருக்கிறார் என்று நர்ஸிடம் பொய் சொல்லி, ஒற்றைக் கண்ணோடு ஒரு வாடகைக் காரைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

கட்டுப் பிரித்த அடுத்த வாரம் வக்கீல் வரச் சொன்னார். சாட்சிகளை எப்படிக் கேள்வி கேட்பார் என்று எனக்கு ஒத்திகை காட்டினார். மளிகைக்கடைக்காரர், ஒரு வேன் டிரைவர், இன்னும் இரண்டு பேர். “அந்தப் பொம்பளையை எப்பலேர்ந்து தெரியும்? புருஷன் ஏன் அடிச்சான்னு பேசிக்கிட்டாங்க? வேற ஆம்பளை யாராவது வந்து போனாங்களா?” என்று வரிசையாகப் போகிறது. டிரைவர் ஒவ்வொன்றுக்கும் தயாராகப் பதில் வைத்திருந்தார். பாதி அவர் கற்பனை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு உட்கார முடியவில்லை. என் சமையலறையில் அவள் பேசியபோது குரலே எழும்பவில்லை. குழந்தைகள் கூடத்தில் இருந்தார்கள், அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று. அதை நான் மண்டபத்தில் ஒரு தடவை சொன்னதற்கே அவள் ஊரைவிட்டு ஓடினாள். இனி நான்கு ஆண்கள் ஒரு அறையில் உட்கார்ந்து தங்களுக்குத் தோன்றியபடியெல்லாம் சொல்வார்கள். அதன் நகல் அவளுக்கும் போகும், அதையும் அவள் படிக்க வேண்டும்.

“வக்கீல் சார், யாரும் வர வேண்டாம். நான் மட்டும் போறேன்” என்றேன்.

“மேடம், அப்ப நீங்க தோத்துடுவீங்க.”

“சரி.”

தலைவர் அன்றிலிருந்து மன்றத்தில் என் பக்கம் திரும்புவதில்லை.

விசாரணை நேற்று நடந்தது. மூன்று பேர் குழு, கதவைச் சாத்திவிட்டு. அவள் வரவில்லை, எழுதிக் கொடுத்திருந்தாள். நடுவில் இருந்த பெரியவர், “பேசறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாம்மா?” என்றார்.

“இல்லீங்க.”

“ஏன் கேக்கல? மறந்துட்டீங்களா?”

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவரே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கிறார், வாங்கிக்கொண்டால் போதும். ஆனால் தம்பி, நான் மறக்கவில்லை. கூட்டத்துக்கு முதல் நாள் அவளுக்குப் போன் போட எடுத்து, வைத்துவிட்டேன்.

“கேட்டா வேணாம்னு சொல்லிடுவாளோன்னுதான் கேக்கல” என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். என் வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக நான் எதையும் சொன்னதில்லை. இருந்தும் எல்லோருக்கும் கேட்டது.

இதைப் படித்துவிட்டு நீ பதில் எழுத முடியாது என்று தெரியும். எழுத வேண்டாம்.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

முடிவு உனக்கு வந்திருக்கும். இந்தக் கடிதத்தை யாரும் படிக்கவில்லை. கோப்பை மூடிவிட்டார்கள். மேலாளர் காலையில் என் மேசைக்கு வந்து, “இனிமே உங்க கடிதம் எனக்கு வேண்டாம்” என்றார். நின்றுவிட்டு, “அக்காவைக் கேட்டதா சொல்லுங்க” என்றார்.

பகிரங்கக் கண்டனம், காப்பகக் குழுவிலிருந்து நீக்கம், நடத்தை விதிப் பயிற்சி, எழுத்தில் மன்னிப்பு. மன்னிப்புக் கடிதத்தை எங்கள் அலுவலகம் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும். அவள் பதில் எழுத வேண்டும் என்பதில்லை. எதிர்பார்த்துக்கொண்டு உட்காராதே.

ஏப்ரலில் நீ கேட்டதற்கு இப்போது சொல்லலாம். காப்பகத்துக்காக நீ பேசியது தப்பில்லை. நீ பேசியிருக்காவிட்டால் அதை மூடியிருப்பார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதை உன்னுடையது இல்லை. அவளிடம் மிஞ்சியிருந்ததே உன் ஊரில் யாருக்கும் அவளைத் தெரியாது என்பது ஒன்றுதான். அதை எடுத்து நீ செலவழித்துவிட்டாய். இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை. இத்தனை கோப்பு பார்த்தும் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் அன்று நான் வந்தேன். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கண் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புற நடைபாதையில் ஒரு பூட்டிய கடையின் நிழலில் நின்றேன். நீ வெளியே வந்தாய். கண்ணில் கட்டு, கையில் பிளாஸ்டிக் பை. படியில் கால் வைக்கத் தயங்கி, கைப்பிடியைத் தேடித் தடவினாய். ஒரு காவலாளி வந்து பிடித்துக்கொண்டார். தெருவைக் கடக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. கடக்கவில்லை. நீ ஏறிய கார் திரும்பும் வரை பார்த்துவிட்டு பஸ் நிலையத்துக்குப் போனேன்.

மறுநாள் மேலாளரிடம் இதையும் சொன்னேன். “பேசினீங்களா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப எழுதிக்க ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சரியாகத்தான் நடந்துகொண்டேன் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் காவலாளியின் முகம் அடிக்கடி ஞாபகம் வருகிறது.

சனிக்கிழமை வரட்டுமா? நீ வேண்டாம் என்றால் புரிந்துகொள்வேன்.

தம்பி


ஜூலை 28

அன்புள்ள தம்பி,

நீ வந்துவிட்டுப் போன பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. இரண்டு நாள் இருந்தாய். பாதி நேரம் பேப்பர் படித்தாய், மீதி நேரம் குழாய்க்கு வாஷர் மாற்றினாய். கேட்க வேண்டியதை நானும் கேட்கவில்லை, சொல்ல வேண்டியதை நீயும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்தாயே, அதை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன். எதிர்ப்பக்கம் நின்றதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது. அது போகும், கொஞ்சம் நாளாகும்.

பயிற்சிக்குப் போய்வந்தேன். எல்லாம் என் வயதில் பாதி இருக்கிற கவுன்சிலர்கள். இது நீ வழக்கமாக எடுக்கிற வகுப்பாமே, எனக்காக இந்தத் தடவை வேறு ஆளை விட்டார்களாம். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒழுங்காகக் குறிப்பு எடுத்தேன். வந்தவர் உன்னைவிட நன்றாகச் சிரிக்கிறார்.

மன்னிப்புக் கடிதம் அனுப்பிவிட்டேன். ஏழெட்டுத் தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் ‘ஆனால்’ என்று ஒரு வரி வந்து ஒட்டிக்கொண்டது. அது இல்லாமல் எழுதியபோது கடிதம் ரொம்பச் சின்னதாகிவிட்டது. அதையே அனுப்பினேன். பதில் இல்லை. அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதும் இப்போது புரிகிறது.

வாசலில் காலையில் யாரும் இல்லை. பல் தேய்க்கிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். தெருவில் போகிறவர்கள் தலையசைப்பார்கள், நிற்க மாட்டார்கள். அடுத்த தேர்தலில் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

நேற்று ஒருவர் வந்தார். ஆணா பெண்ணா, எந்தத் தெரு, என்ன வயது, எதையும் எழுத மாட்டேன். படியிலேயே நின்றுகொண்டு, “இது வெளியில போகாதுல்ல?” என்றார். முன்பெல்லாம் யாரும் இதைக் கேட்டதில்லை. நேராகச் சமையலறைக்கு வந்துவிடுவார்கள்.

“போகாது” என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேறு எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது. கடைசியில் உள்ளே வந்தார்.

முழுவதும் கேட்டேன். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், “இதை நான் யார்கிட்டயாவது சொன்னாத்தான் வேலை நடக்கும். யார்கிட்ட சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம்னு நீங்களே சொல்லுங்க” என்றேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு ஒரே ஒருவரைச் சொன்னார். இன்று காலை போய் அந்த ஒருவரிடம், அவர் சொல்லச் சொன்ன அளவுக்கு மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று அவர் போன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாய் பரபரவென்றது. யாரையாவது பிடித்து உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் போல இருந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. அத்தான் போன நாளிலிருந்து முதல் தடவையாக, அது பரவாயில்லை என்று பட்டது.

அக்கா